வெளிநாட்டுக் காலநிலை நிதி நம்ம ஊருக்கு எப்படி வருகிறது, அதில் நாம் எதைக் கேட்கலாம்?

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கரண்ட் கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. அதற்கு அப்புறம்தான் கடலூர் நகரத்தில் மின்கம்பியைத் தரைக்கடியில் கொண்டுபோகும் வேலை வந்தது. தெருமுனையில் நிற்கிற பில்லர் பாக்ஸைத் தினமும் தாண்டிப் போகிறோம், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. உலக வங்கி 2013ல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து 23.6 கோடி டாலர் ஒதுக்கிய கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் அது. நினைவில் வையுங்கள், அது தானம் இல்லை, கடன். வட்டி குறைவு, தவணை நீளம், அவ்வளவுதான்.

"ஐ.நா. காசு வருதாமே, எங்கே மனு கொடுக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்: தனி ஆள் பெயரில் காலநிலை நிதிக்கு, அதாவது காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு, மனு போட வழியே கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆதார் நகலும் முன்பணமும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரிய நிதி என்றால் தென்கொரியாவின் சாங்டோ நகரத்தில் இருக்கிற பசுமைக் காலநிலை நிதியம். 2010ல் ஐ.நா.வின் கான்கூன் காலநிலை மாநாட்டில் முடிவானது. அதற்கு முந்தையது தகவமைப்பு நிதியம், அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப ஊர்களைத் தயார்படுத்த உதவுவது. இவர்கள் நேராக ஊருக்குப் பணம் அனுப்புவதில்லை, தாங்கள் அங்கீகரித்த நிறுவனம் வழியாகத்தான் அனுப்புவார்கள். இந்தியாவில் அந்த அங்கீகாரம் நபார்டு வங்கிக்கு இரண்டிலுமே இருக்கிறது. பசுமைக் காலநிலை நிதியத்துக்குப் போகிற திட்டம் என்றால், ஆட்சேபம் இல்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடிதமும் கொடுக்க வேண்டும். இத்தனை வாசல் தாண்டி 2018ல் இந்தியக் கடலோர மக்களுக்காக 4.34 கோடி டாலர் மானியம் கிடைத்தது, ஆனால் அது ஆந்திரா, ஒடிசா, மகாராஷ்டிரா மூன்றுக்கும்தான், நம் கரைக்கு இல்லை. தானேயைப் பார்த்த எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. நபார்டு வழியாகவே மத்திய அரசின் தேசியத் தகவமைப்பு நிதியும் வந்தது. 2015ல் தொடங்கிய அதில் புதுச்சேரிக்கு 20 ஏரிகளையும் 32 ஊர்க் குளங்களையும் தூர்வாரிச் சீரமைக்கும் திட்டம் கிடைத்தது. அது நம் நாட்டுப் பணம், வெளிநாட்டு நிதியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலநிலைச் சேவை என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன? மழை, காற்று, அலை பற்றிய தகவலை உரிய நேரத்தில் உரியவர் காதில் போடுவது. இதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் இருக்கிறது. 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். படகைத் தள்ளலாமா வேண்டாமா என்று கரையில் நின்றபடியே முடிவெடுக்கலாம். 2004 சுனாமி அன்று நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் போன் பண்ணிச் சொன்னதும், இதே மாதிரி மையத்தின் ஒலிபெருக்கியில்தான் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். உயிர்கள் பிழைத்தன. பெரிய தொகையெல்லாம் ஆகவில்லை. ஒரு ஒலிபெருக்கி, அதை வாசிக்க ஊர்க்காரர் ஒருவர், வாசிக்கச் சரியான தகவல். இன்றைக்கு அலை முன்னறிவிப்பை ஐதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இலவசமாகவே தருகிறது. ஆனால் செல்போன் டவர் சாய்ந்த ராத்திரியில் அதை யார் ஊருக்குள் சொல்வது? எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, ஆட்சியர் தலைமையில், மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். உங்கள் ஊர் வாய்க்காலோ, அலையாத்திக் காடோ, புயல் பாதுகாப்பு மையமோ திட்டத்தில் சேர வேண்டும் என்றால், கிராம சபையில் தீர்மானம் போட்டு அங்கே கொடுங்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் உலக வங்கி உதவியோடு கடலோரத்தை மீட்டெடுக்கும் நெய்தல் மீட்சி இயக்கம் என்று தமிழ்நாட்டு அரசு 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தது. நம் மாவட்டத்துக்கு அதில் என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மானியமா கடனா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

உலக வங்கிக் காசில் நடக்கிற வேலையால் உங்கள் வீடோ வலை காயப்போடுகிற இடமோ பறிபோனால், அதற்கும் வழி உண்டு. முதலில் திட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நியாயம் கிடைக்கவில்லை என்றால் உலக வங்கி அதிகாரிகளுக்கு எழுதுங்கள், அதற்கும் பலன் இல்லை என்றால் அந்த வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு எழுதலாம். பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேராவது சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கடிதம் தமிழிலேயே இருக்கலாம்.