தணிக்கை: சொல் விளக்கம்

குமரி மாவட்டத்தின் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை சோதனைச்சாவடியில் ரேஷன் அரிசி வண்டியை மடக்கினால், மறுநாள் நாளிதழில் ‘வாகனத் தணிக்கை’ என்று வரும். கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆடிட்டர் வந்தால் ‘கணக்குத் தணிக்கை’. படத்தில் வசனத்தை வெட்டினால் அதுவும் தணிக்கைதான். இப்போது அரசியல் வலைப்பதிவு ஒன்றை அரசு முடக்கினாலும், எழுதியவரைச் சிறையில் போட்டாலும் இதே சொல்லைப் போடுகிறோம். இந்தக் கடைசிப் பழக்கம் எனக்கு உறுத்துகிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். பேச்சின் சூட்டைத் தணிப்பதால் தணிக்கை என்று சிலர் விளக்குவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் வரலாறு வேறு. அரபியில் ‘தன்கீஹ்’ என்றால் கிளை கழித்தல். எழுத்தைத் திருத்திச் செப்பனிடுதல் என்றும் பொருள். உருது வழியாக அது அலுவலகங்களுக்குள் நுழைந்து, தமிழில் சோதித்துப் பார்ப்பது என்று நிலைத்தது. தெலுங்கில் அதே சொல் ‘தனிகீ’. சித்தூர், குப்பம் பக்கம் போலீஸ் வண்டியை நிறுத்தினால் தனிகீ என்பார்கள். நமக்கு அடுத்த, கேரளத்துப் பாறசாலையில் மலையாளத்தில் அது ‘பரிசோதன’.

தணிக்கையை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘சென்சார்’ லத்தீனிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களை எண்ணுவதும் சொத்தை மதிப்பிடுவதும் ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் ஒரே அதிகாரியின் வேலை. அவருக்குத்தான் இந்தப் பட்டம். சென்சஸும் இதே வேர். கணக்கும் கண்டிப்பும் ஒரே சொல்லில் சேர்ந்தது அங்கும் நடந்திருக்கிறது, தமிழிலும் நடந்திருக்கிறது.

எங்கே பயன்படுத்தினாலும் தணிக்கைக்குள் ஒரு வரிசை உண்டு: நிறுத்து, பார், பிறகு விடு. அச்சுக் காலத்தில் இது பொருந்தியது. இங்கிலாந்தில் அச்சுக்கு முன் அனுமதி கேட்கும் சட்டம் 1695-ல் காலாவதியானது. சுவீடன் 1766-லேயே பத்திரிகைச் சுதந்திரத்துக்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1975 நெருக்கடி நிலையின்போது செய்திகளை அச்சேற்றும் முன் அதிகாரியிடம் காட்ட வேண்டியிருந்தது. அதுதான் அசல் தணிக்கை. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்த வழக்கில், அவதூறு வரும் என்று அஞ்சி வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வலைப்பதிவுக்கு அப்படி ஒரு சாவடி பெரும்பாலான நாடுகளில் இல்லை. எழுதியவர் பொத்தானை அழுத்தியதும் பதிவு வெளியே போய்விடும். அதிகாரம் அப்புறம்தான் வருகிறது. சவுதி அரேபியாவின் வலைப்பதிவர் ராயிப் பதாவி 2012-ல் கைதானார். 10 ஆண்டு சிறை, 1,000 கசையடி என்பது தண்டனை. 2015 ஜனவரியில் ஜித்தாவில் பலர் பார்க்க 50 அடி விழுந்தது. வியட்நாமில் ‘தாய்க் காளான்’ என்ற புனைபெயரில் எழுதிய பெண்ணுக்கு 2017-ல் 10 ஆண்டு. டாக்காவில் வலைப்பதிவர் அவிஜித் ராயை 2015-ல் தெருவில் வெட்டியே கொன்றார்கள். இவற்றைத் தணிக்கை என்று எழுத எப்படி மனம் வரும்? அது தண்டனை, அது கொலை. அப்படியே எழுத வேண்டும்.

சீனா விதிவிலக்கு. அங்கே சொற்களை வடிகட்டும் ஏற்பாடே உண்டு. பதிவு காணாமல் போனால், இணையத்தில் எழுதுபவர்கள் அரசின் ‘நல்லிணக்க’ முழக்கத்தை எடுத்து ‘நல்லிணக்கம் ஆக்கப்பட்டது’ என்றார்கள். அந்தச் சொல்லும் வடிகட்டப்பட்டதும், கிட்டத்தட்ட அதே ஒலியுள்ள ‘ஆற்று நண்டு’ என்று எழுதத் தொடங்கினார்கள்.

எழுதிய பிறகு எழுதியவரைத் தண்டிப்பதற்கு நம் எல்லையிலும் பழைய உதாரணம் உண்டு. நெய்யாற்றின்கரைக்காரரான, ‘சுதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திருவிதாங்கூர் திவானைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். அவரது எழுத்தை யாரும் தணிக்கை செய்யவில்லை; அவரை நாடு கடத்தினார்கள்.

பிறரைப் புண்படுத்தும், தொந்தரவு தரும் செய்திகளைக் குற்றமாக்கிய கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவையும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் 2015-ல் ஒரே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 நவம்பரில் கேரளம் 118ஏ என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவதூறான பதிவுக்கு 3 ஆண்டு வரை சிறை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விலக்கிக்கொண்டது. ஆனால் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று தெரிந்தாலே, எழுதி வைத்ததை வெளியிடாமல் அழிப்பவர்கள் உண்டு. அதற்குத் ‘தன்தணிக்கை’ என்பது மிகச் சரியான சொல். நிறுத்துவதும் பார்ப்பதும் அங்கே நடக்கிறது, வெளியே விடுவதுதான் இல்லை.

சரி, மற்றவற்றுக்கு என்ன சொல்வது? வெளிவந்த பதிவை எடுக்கச் சொன்னால் ‘நீக்கம்’. தளத்தையே மறைத்தால் ‘முடக்கம்’. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும் முடக்க ஆணைகளை ரகசியமாக வைக்க 2009-ம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. அதனால் காரணம் என்னவென்று எழுதியவருக்கே தெரியாமல் போகலாம். அதையும் ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று எழுதினால், யார் செய்தது என்பது வாக்கியத்திலேயே மறைந்துபோகிறது. ‘அரசு முடக்கியது’ என்று எழுவாயைச் சேர்த்தே எழுதுங்கள்.