பேண்ட் கேப் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

சூரிய மின்கலத்துக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் புதிய பொருள்களைக் கணினியிலேயே வடிவமைக்கும் ஆய்வாளர்கள் பேச்சில் ஓயாமல் வந்துபோகும் சொல் 'பேண்ட் கேப்'. தமிழில் பட்டை இடைவெளி.

தனி அணுவில் எலக்ட்ரான்களுக்குத் தனித்தனி ஆற்றல் மட்டங்கள் உண்டு. எண்ணற்ற அணுக்கள் சேர்ந்து படிகமாகும்போது அந்த மட்டங்கள் நெருக்கியடித்து, வரைபடத்தில் பட்டையாகவே தெரிகின்றன. 'பேண்ட்' என்ற பெயர் அதனால்தான். எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டைக்கும், மேலே காலியாகக் கிடக்கும் கடத்து பட்டைக்கும் நடுவில் எலக்ட்ரான் இருக்கவே முடியாத ஆற்றல் பகுதிதான் 'கேப்'. பொருளுக்குள் ஏதோ ஓட்டை இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். இதை அளப்பது எலக்ட்ரான் வோல்ட்டில். இந்தப் பட்டைகளை வைத்துக் குறைகடத்திகளை விளக்கியவர் ஆலன் வில்சன், ஆண்டு 1931.

பாடநூல்களில் 'விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி' என்று பார்த்திருப்பீர்கள். பொருள் சரி, ஆனால் பக்கத்துக்குப் பத்து தடவை எழுதினால் கை வலிக்கும். சுருக்கி 'ஆற்றல் இடைவெளி' என்றால் பிடி நழுவுகிறது: தனி மூலக்கூறின் இரு மட்டங்களுக்கு நடுவிலும் ஆற்றல் இடைவெளி உண்டு, அங்கே பட்டை ஏது? அதனால் என் ஓட்டு பட்டை இடைவெளிக்குத்தான். 'நேரடிப் பட்டை இடைவெளி', 'மறைமுகப் பட்டை இடைவெளி' என்று முன்னொட்டுச் சேர்க்கவும் தோதாக இருக்கிறது. (எலக்ட்ரான் தன் உந்தம் மாறாமலே இடைவெளியைத் தாண்ட முடிந்தால் நேரடி; உந்தமும் மாறியாக வேண்டுமென்றால் மறைமுகம்.)

சரி, இதற்கு ஏன் இத்தனை மவுசு? ஒரு பொருள் எந்த ஒளியை விழுங்கும், எந்த நிறத்தில் ஒளிரும் என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் தீர்மானிக்கிறது. சிலிக்கனுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட்; சூரிய ஒளிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் மறைமுக வகை என்பதால் ஒளி உமிழ்வதில் மந்தம். கேலியம் நைட்ரைடுக்கு 3.4, அதுவும் நேரடி வகை. அதில் இண்டியம் கலந்து இடைவெளியைக் குறைத்துத்தான் நீல எல்.இ.டி. செய்கிறார்கள்.

கணினியில் இதைக் கணிப்பதில்தான் வம்பு. எலக்ட்ரான்களின் அடர்த்தியை வைத்துப் பொருளின் பண்புகளைக் கணக்கிடுவது டி.எஃப்.டி. முறை. வால்டர் கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த இந்த முறையை வழக்கமான தோராயங்களோடு ஓட்டினால் சிலிக்கனுக்குச் சுமார் 0.6தான் வரும், பாதிக்குப் பாதி! இது தெரிந்தேதான் பயன்படுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்களை முதலில் இந்த மலிவான கணக்கில் சலித்துவிட்டு, தேறியவற்றுக்கு மட்டும் கலப்புச் சார்பு, ஜி.டபிள்யூ. போன்ற, துல்லியம் கூடிய ஆனால் நேரம் தின்னும் முறைகளை ஓட்டுகிறார்கள். ஆகவே ஆய்வுக் கட்டுரையில் பட்டை இடைவெளி என்று ஓர் எண்ணைக் கண்டால், எந்த முறையில் கிடைத்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.