பூட்: சொல்லின் வேரும், ஹாக்கின்டாஷில் அது சிக்கிக்கொள்ளும் இடங்களும்

"பூட் ஆகல." ஹாக்கின்டாஷ் (ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டுவது) அசெம்பிள் செய்பவர்களிடம் அதிகம் கேட்கும் புகார் இது. இந்த இரண்டு சொல்லுக்குள் குறைந்தது நான்கு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. ஓப்பன்கோர் (மேக்ஓஎஸ்ஸை ஏற்றித்தரும் நிரல்) மெனு வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. ஆப்பிள் சின்னத்தின் கீழே ஓடும் கோடு பாதியில் நிற்கிறது. மூன்று நிமிடம் காக்கவைத்துவிட்டு எல்லாம் ஒழுங்காக வருகிறது. நான்குக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல்.

பூட் என்பது பூட்ஸ்ட்ராப்பின் சுருக்கம். காலில் போடும் பூட்ஸின் மேல் விளிம்பில், இழுத்து மாட்டிக்கொள்வதற்காகத் தைத்திருக்கும் வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்குவது என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் நடக்காத காரியத்துக்கான கேலி. கணினிக்காரர்கள் 1950களில் இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நினைவகம் காலியாக இருக்கும்போது நிரலை ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அதை யார் ஏற்றுவது? 1952இல் வந்த ஐபிஎம் 701இல் 'லோட்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் 36 பிட் மட்டும் உள்ளே வரும். அதில் இருக்கும் கட்டளை அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை. சிறியது பெரியதை இழுத்துவரும் இந்தச் சங்கிலிதான் பூட்டின் உண்மையான பொருள். (காலுக்குப் 'பூட்ஸ்', கணினிக்குப் 'பூட்' என்று ஒரே சொல்லைத் தமிழ் இரண்டு முறை கடன் வாங்கியிருக்கிறது.)

தமிழில் என்ன சொல்வது? பல மென்பொருள்களில் 'துவக்கு' என்று இருக்கும். இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. "கணினியைத் துவக்கவும்" என்பது அங்கே சிரிப்பைத்தான் வரவழைக்கும். அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போலத் தொடங்கு–தொடக்கு என்று பிறவினை அமைக்கலாம், இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் 'தொடக்கு', தீட்டைக் குறிக்கும் 'துடக்கு'க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. 'தொடங்கல்' என்ற தொழிற்பெயர் இந்த வம்பு எதிலும் மாட்டாது. பூட்லோடருக்குத் 'தொடக்க ஏற்றி', ரீபூட்டுக்கு ஏற்கெனவே புழங்கும் 'மறுதொடக்கம்'. கோல்டு பூட்டைக் 'குளிர் தொடக்கம்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'மின்நீக்கித் தொடங்கல்' என்றால் செய்ய வேண்டியதும் சேர்ந்தே புரியும். பூட் டைம்தான் வழுக்கும் இடம்: 'தொடக்க நேரம்' என்று எழுதினால் கூட்டம் எத்தனை மணிக்கு என்பதுபோல் ஆகிவிடுகிறது. 'தொடங்க ஆகும் நேரம்' நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை.

இனி சங்கிலி. ஹாக்கின்டாஷில் அதன் கண்ணிகள்: மதர்போர்டின் யூஇஎஃப்ஐ (முதலில் எழும் ஃபர்ம்வேர், பழக்கத்தில் பயோஸ்), இஎஃப்ஐ பகிர்வில் (வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கான சிறு பகுதி) இருக்கும் ஓப்பன்கோர், ஆப்பிளின் சொந்தத் தொடக்க ஏற்றியான பூட்.இஎஃப்ஐ, கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), கடைசியில் கிராபிக்ஸ் டிரைவர். எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் ஓப்பன்கோரின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.பிலிஸ்ட்டைத் திருத்துவது வீண்வேலை.

மெனுவே வரவில்லை என்றால் மேக்ஓஎஸ் இன்னும் களத்துக்கே வரவில்லை. முதலில் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருப்பது மிகச் சாதாரணமான தவறு. அடுத்தது, டிஸ்பிளேபோர்ட் மானிட்டர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால், தொடங்கும் நொடியில் கார்டு அதைக் காணாமலே போகலாம். மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை அணைத்து, உள்ளீட்டை ஆட்டோவிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றி வையுங்கள்.

டிஸ்பிளேபோர்ட்டில் பலர் அறியாத ஒன்று 20ஆம் பின். அடாப்டர்களுக்கு மின்சாரம் தர, கணினியும் மானிட்டரும் தத்தம் பக்கத்தில் இந்தப் பின்னில் 3.3 வோல்ட் வைத்திருக்கும். இரண்டையும் இணைக்கும் சாதாரணக் கேபிளில் இந்தப் பின்னுக்குக் கம்பி ஓடக் கூடாது என்பது விதி. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் ஓடுகிறது. அப்போது அணைத்துவைத்த கணினிக்குள் மானிட்டரிலிருந்து மின்சாரம் ஏறுகிறது. மறுதொடக்கம் ஒழுங்காக நடக்கும், மின்நீக்கித் தொடங்கினால் மட்டும் தகராறு. சோதிப்பது எளிது. பவர் சப்ளையின் பின்புற சுவிட்சை அணைத்து, மானிட்டரை ஓடவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். மதர்போர்டில் ஏதாவது விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தால் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றியதும் அணைந்தால் குற்றவாளி அதுதான். இதற்கு மருந்து, 2 மீட்டருக்கு மிகாத, வீசாவின் (டிஸ்பிளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்ற வேறு கேபிள்.

மெனு வந்து, கோடு பாதியில் கறுப்பானால் கதை வேறு. அந்தப் பாதி வரை படம் வருவது கார்டின் சொந்த ஃபர்ம்வேர் அமைத்துத் தந்த திரையில். அதன்பிறகு மேக்ஓஎஸ் டிரைவர் பொறுப்பேற்கிறது. கைமாறும் இந்த இடத்தில் ஒரு கணம் கறுப்பாவது இயல்பு. திரும்ப வராவிட்டால்தான் நோய். கான்ஃபிக்.பிலிஸ்ட்டின் பூட்-ஆர்க்ஸில் (தொடங்கும்போது தரும் கட்டளைகள்) 'மைனஸ் வி' (-v) போட்டு எழுத்தோட்டத்தைப் பாருங்கள். கடைசி வரியில் 'ஜிஐஓஸ்கிரீன்லாக்ஸ்டேட் 3' என்று நின்றால் கர்னல் உயிரோடு வந்துவிட்டது, கிராபிக்ஸ்தான் எழவில்லை. பயோஸில் சிஎஸ்எம் (பழைய பயோஸ் முறைக்கான இணக்க வசதி) அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 வகை நாவி கார்டு என்றால் கிராபிக்ஸ் கோளாறுகளைச் சரிசெய்யும் வாட்எவர்கிரீன் என்ற துணை நிரலோடு பூட்-ஆர்க்ஸில் 'ஏஜிடிபிமாட்=பிகெரா' வேண்டும். 'எக்ஸிட்பிஎஸ்:ஸ்டார்ட்' வரியிலேயே நின்றால் அது கிராபிக்ஸ் அல்ல. ஏற்றியிடமிருந்து கர்னலுக்குக் கைமாறும் இடம், நினைவக வரைபட அமைப்புகளையும் பயோஸையும் பார்க்க வேண்டும். படம் வந்தும் 4கே திரை 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால் பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டோ அடாப்டரோதான் காரணம். 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும்.

மெதுவாகத் தொடங்குவதை அளக்காமல் சரிசெய்ய முடியாது. போன் ஸ்டாப்வாட்சில் இரண்டு அளவு போதும்: பொத்தானிலிருந்து மெனு வரை, மெனுவிலிருந்து லாகின் வரை. முன்பாதி நீண்டால் ஓப்பன்கோரின் டீபக் பதிப்பு இன்னும் இருக்கிறதா பாருங்கள். பதிவுகளை எங்கே எழுதுவது என்று சொல்லும் டார்கெட் அமைப்பை 67 என்று விட்டிருந்தால் ஒவ்வொரு வரியையும் பகிர்வில் கோப்பாக எழுதிக்கொண்டே வரும். ரிலீஸ் பதிப்புக்கு மாறி, டார்கெட்டை 3 ஆக்குங்கள். மெனு 5 நொடி காத்திருப்பது டைம்அவுட் வேலை, கோளாறு அல்ல.

பின்பாதி நீண்டால் சந்தேகம் எஸ்எஸ்டி மேல். ஆப்பிளின் கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் ஒவ்வொரு தொடங்கலிலும் காலி இடங்களை ட்ரிம் செய்யும், அதாவது எவை காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும். சில என்விஎம்இ கன்ட்ரோலர்கள் இதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் எடுக்கின்றன. பிக் சர் (மேக்ஓஎஸ் 11) வரை இதற்கு நேர வரம்பு வைக்க முடிந்தது. மான்டெரே (மேக்ஓஎஸ் 12) முதல், ஓப்பன்கோரின் செட்ஏபிஎஃப்எஸ்ட்ரிம்டைம்அவுட்டை 0 ஆக்கித் தொடங்கும்போது நடக்கும் ட்ரிம்மை அடியோடு நிறுத்தலாம், அவ்வளவுதான். நிறுத்தினால் தொடங்கல் சட்டென்று முடியும். ஆனால் சில இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரியாமல் போய், நாளடைவில் எழுதும் வேகம் சரியலாம். தினமும் ஒரே ஒரு முறை தொடங்கும் கணினியில் இந்தப் பேரம் கட்டாது. எஸ்எஸ்டியை மாற்றுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள்.