கிழங்கு தோண்ட, தேன் எடுக்க நிலப் பட்டா போதாது

ஊரடங்கு காலத்திலும் பழங்குடி மக்கள் காட்டில் கிழங்கு தோண்டலாம், தேன் எடுக்கலாம் என்று 2020 ஏப்ரல் 16 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் விலக்கு கொடுத்தது. பல மலை ஊர்களில் அப்படி ஓர் உத்தரவு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. செக்போஸ்ட்டில் நின்றவர் "பேப்பர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். ரேஷன் அரிசி வந்தது, சரி. வெறும் சோற்றை எத்தனை நாள் தின்பது?

அந்தப் பேப்பரை வன உரிமைச் சட்டம், 2006 தருகிறது. அடுத்த ஊரடங்குக்குக் காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

பலரும் ஏமாறுவது முதல் படியிலேயே. இந்தச் சட்டப்படி படிவம் ஏ கொடுத்து வாங்கிய பட்டா, குடியிருக்கும், உழும் நிலத்துக்கு மட்டும்தான். தேன், கிழங்கு, மூலிகை, ஓடை மீன், மேய்ச்சல் எல்லாம் ஊருக்கான சமூக உரிமை. அதற்குப் படிவம் பி. காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் சி. "முதலில் ஏ முடியட்டும்" என்பார்கள். அப்படி எந்த விதியும் இல்லை, மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். சேலத்து மலையாளி (கேரளத்தவர் அல்ல, மலையில் வாழும் ஒரு சமூகம்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே 75 ஆண்டுகளாகக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பழைய ரசீது கேட்டு அலைக்கழித்தால் அசராதீர்கள். ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம், பழைய இடுகாடு, கிணறு, சாமி இடம் எல்லாமே விதிப்படி சான்றுதான். எப்படியும் இரண்டு சான்று வேண்டும்.

மனுவைக் கலெக்டர் ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இதில் குறை வைத்தால் அதையே சாக்காகச் சொல்லித் திருப்பிவிடுவார்கள்.

"ரேஞ்சர் வேண்டாமென்றார், தள்ளுபடி ஆயிடுச்சு" என்று வாயால் சொன்னால் வீடு திரும்பாதீர்கள். வனத்துறை தனியாகத் தள்ளுபடி செய்ய முடியாது. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கோட்ட அல்லது மாவட்ட அளவிலான மேல் குழுவுக்கு மனு போடலாம்.

அப்புறம், வேட்டை இந்த உரிமையில் சேராது. முயல் பிடித்து மாட்டினால் எந்தப் படிவமும் காப்பாற்றாது.