‘கல்ட்’ என்பது வழிபாட்டு மரபு அன்று

1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுன் குடியிருப்பில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறார். அந்தக் கொடுமையைப் பற்றிய தமிழ் விளக்கவுரை ஒன்றில், அவர்களைச் சாவுக்கு நடத்திச் சென்ற ஜிம் ஜோன்ஸ் தொடக்கம் முதல் இறுதி வரை ‘வழிபாட்டு மரபின் தலைவர்’ என்றே குறிக்கப்பட்டதை அண்மையில் கேட்டேன். ‘கல்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர்கள் தந்த தமிழ் அது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சைப் பரப்பிய ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானியக் குழுவும் இப்படியே ‘வழிபாட்டு முறை’ ஆகிவிடுகிறது. காவல்துறை ஒரு வழிபாட்டு முறையைச் சோதனையிட்டது என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

‘கல்ட்’ என்பதன் வேர், உழுது பயிரிடுதல், பேணுதல், வழிபடுதல் ஆகிய பொருள்களைத் தரும் ‘கொலெரே’ என்ற லத்தீன் வினைச்சொல். அதிலிருந்து வந்த ‘குல்துஸ்’ பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் வந்தது. ‘கல்ச்சர்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். அதற்கு நாம் பண்படுத்துதலிலிருந்து ‘பண்பாடு’ கண்டோம். ஒரு தலைவனின் பிடியில் சிக்கிய மூடிய குழு என்ற பொருள் ‘கல்ட்’டுக்குப் பிற்காலத்தில்தான் ஏறியது. இன்று அச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பழைய பொருளுக்குரிய தமிழை எடுத்துப் புதிய பொருளின் மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

பழைய பொருளுக்கு ‘வழிபாடு’ முற்றிலும் சரி. ‘வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப’ என்று தொல்காப்பியமே சொல்கிறது. பழைய வட ஆற்காட்டுப் பகுதியான செங்கத்தில் வரிசை வரிசையாகக் கிடைத்த வீரக்கற்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர் ‘நடுகல் வழிபாடு’ என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் பாரதம் வைத்து நடத்தும் அக்கினி வசந்த விழாவைத் ‘திரௌபதி வழிபாட்டு மரபு’ என்றாலும் அப்படியே. ஊரே கூடிப் பகல் வெளிச்சத்தில் நடத்துவது அது. களத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கூத்துக்காரர்கள் வீமனாகவும் துரியோதனனாகவும் அவனைச் சுற்றிச் சுற்றிப் போரிடுவார்கள். மாலையில் தீ மிதிப்பார்கள். காப்புக் கட்டிக்கொண்டவருக்கு அதை அவிழ்க்கும் நாளும் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அவிழ்த்துவிட்டு அவர் தம் வீட்டுக்கும் தம் வேலைக்கும் போய்விடுகிறார். யாரும் அவரைத் தடுப்பதில்லை. இந்த மக்களையும் ஜிம் ஜோன்ஸையும் ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்குச் செய்யும் பிழை மட்டுமன்று, இம்மக்களுக்குச் செய்யும் அநீதியும் ஆகும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. காட்பாடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இயங்கிய குழுவொன்றில் என் இளமையின் நல்ல பகுதி கழிந்தது. அங்கே கூலியில்லா வேலைக்குச் ‘சேவை’ என்று பெயர். மாதச் சம்பளத்தை அப்படியே வாங்கிக்கொள்வதற்குக் ‘காணிக்கை’ என்று பெயர். மனத்தில் எழும் கேள்விக்கு ‘அகந்தை நோய்’ என்று பெயர். இரவுதோறும் அன்று யாரோடு பேசினோம், என்ன ஐயம் தோன்றியது என்று கோடு போட்ட நீளமான நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அந்த வரிகளையே எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படிக்கச் சொல்வார்கள். என் பெரியம்மாவின் கருமாதிக்குக் குடியாத்தம் போக அனுமதி கேட்டபோது, பாசத்தை அறுக்காதவனுக்கு வழிபாடு எதற்கு என்றார்கள். ஆம், அவர்கள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட சொல்லும் ‘வழிபாடு’தான். செய்தியாளர் அதே சொல்லை எழுதும்போது அந்தக் குழுவின் வேலையை அவரும் சேர்ந்து செய்துகொடுக்கிறார். வெளியே வந்தவன், நான் ஒரு வழிபாட்டு மரபில் இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர் ‘நல்லதுதானே’ என்பார். அதற்கு மேல் அவனால் எதைப் பேச முடியும்?

‘மதப்பிரிவு’ என்று எழுதுவோரும் உண்டு. வடகலை, தென்கலை போலக் கொள்கையாலும் சடங்காலும் பிரிந்தவை மதப்பிரிவுகள். அவற்றில் பிறந்து வளர்ந்தோர் அச்சமின்றி வாழ்கிறார்கள். நம்பிக்கை விந்தையாக இருப்பதோ ஆட்கள் குறைவாக இருப்பதோ ‘கல்ட்’டுக்கு அடையாளம் ஆகாது. உளமருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் வகுத்த அடையாளங்கள் மூன்று: கொள்கையை விடத் தலைவரே வழிபடு பொருளாகிவிடுவது, உறுப்பினரின் எண்ணத்தைக் கட்டி ஆள்வது, மேலிருப்போர் அவரைச் சுரண்டுவது. மதமே இல்லாத குழுவிலும் இவை இருக்கக்கூடும் என்பதால் ‘மத’ என்ற அடையே இங்குப் பொருந்தாது. ‘கல்ட்’ என்றே எழுதிவிடலாம் என்பாருக்கு என் மறுப்பு எளியது: திரைப்பட ரசிகர்கள் அச்சொல்லைப் பாராட்டுச் சொல்லாக ஆக்கி வெகுநாளாயிற்று.

எங்கள் ஊர்ப் பேச்சு இதை எப்போதோ சரியாகப் பிடித்துவிட்டது. ‘அந்தக் கூட்டத்துல போய் மாட்டிக்கினான்’ என்பார்கள். மாட்டிக்கொள்ளுதல்தான் இதன் உயிர்நிலை. அதனால் நான் ‘தளைக்குழு’ என்று எழுதுகிறேன். தளை என்றால் கட்டு, விலங்கு. யாப்பிலும் சீரைச் சீரோடு பிணைப்பது அதுவே. ‘வசியக்குழு’ என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை; அது நடந்ததை மந்திர மாயமாக்கி, நோட்டையும் காணிக்கையையும் அனுமதி மறுப்பையும் கொண்டு மனிதர்கள் திட்டமிட்டுச் செய்ததை மறைத்துவிடுகிறது.

மூலத்தில் ஒரு தெய்வத்தின் பெயரோ வீரனின் பெயரோ சேர்ந்து வந்தால் ‘வழிபாடு’ என்றே பெயர்க்கலாம். உறுப்பினர், தலைவர், வெளியேறியவர் என்று பேச்சு வருமிடத்தில் தளைக்குழு உறுப்பினர், தளைக்குழுத் தலைவர், தளைக்குழுவிலிருந்து மீண்டவர் என எழுதினால் பொருள் தெளிவாக நிற்கும். மூலப் பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்தாலே இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த உழைப்பைத்தான் தர மறுக்கிறார்கள்.