மூடுவதற்கு முன் காட்டுங்கள்: கட்டுமானத்தின்போது நடக்கும் ஆய்வுகள்

கட்டட அனுமதி கிடைத்துவிட்டால் அரசு அலுவலகத்தோடு இருந்த தொடர்பு முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அனுமதி வரைபடத்துக்குக் கிடைத்த ஒப்புதல்தான். வரைபடத்தில் உள்ளபடியே கட்டடம் எழும்புகிறதா என்று நேரில் வந்து பார்ப்பது அடுத்த வேலை. பெரும்பாலான நாடுகளின் கட்டட விதிகளில் இந்தக் கள ஆய்வு உண்டு. எந்தெந்தக் கட்டத்தில் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

விதிகளின் அடிப்படை எளிமையானது. மறையப்போகும் வேலையை மறைவதற்கு முன் காட்ட வேண்டும். அஸ்திவாரம் மண்ணுக்குள் போய்விடும், கம்பி கான்கிரீட்டுக்குள் போய்விடும், குழாயும் வயரும் பூச்சுக்குள் போய்விடும். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, அஸ்திவாரத்துக்குப் பலகை அடைத்து, தேவையான கம்பியும் கட்டிய பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன் ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது.

எல்லா ஆய்விலும் இந்தக் கம்பி ஆய்வையே நான் முதலில் வைப்பேன். கம்பியின் தடிமன், இடைவெளி, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் நெருக்கம், இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் நீளம் ஆகியவை அப்போது பார்க்கப்படும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் சிறு கட்டையான கவர் பிளாக் வைக்காமல் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்தால், பின்னாளில் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டையே பிளந்துவிடும். பால்கனி போல ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளத்தில் முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும். வேலையாட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிட்டால் தளத்தின் பலமே போய்விடும். கான்கிரீட் போட்ட பிறகு இந்தப் பிழையைக் கண்ணால் காண வழியில்லை.

கான்கிரீட்டுக்கும் சோதனை உண்டு. போடும்போதே மாதிரி எடுத்துவைத்து, பெரும்பாலும் 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நசுக்கிப் பார்ப்பார்கள்.

ஆய்வாளர் தாமாக வரமாட்டார். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அனுமதி பெற்றவரோ அவர் சார்பில் பொறியாளரோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கலவை வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள் என்ற அவசரத்தில் ஆய்வுக்குக் காத்திராமல் தளம் போட்டுவிடுகிறார்கள். காட்டாமல் மூடிய பகுதியைத் திறந்து காட்டச் சொல்லவும், வேலையை நிறுத்தவும் பல இடங்களில் அதிகாரிக்கு உரிமை உண்டு. உடைக்கும் செலவு பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான் விழும். ஆகவே ஆய்வு முடிந்த மறுநாளுக்குக் கான்கிரீட் தேதியை வையுங்கள்.

கட்டும்போது செய்யும் மாற்றங்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்குத் தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995இல் இடிந்த சாம்பூங் பல்பொருள் அங்காடி சாட்சி. முதலில் நான்கு மாடிக்குத் திட்டமிட்ட கட்டடத்தை அங்காடியாக மாற்றி, ஐந்தாவது மாடியையும் ஏற்றினார்கள். தூண்கள் மெலிந்தன, பளு கூடியது. 502 பேர் இறந்தார்கள். எனவே மாடி கூட்டுவதோ தூணை நகர்த்துவதோ என்றால் திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே வேலையைத் தொடர வேண்டும்.

இறுதி ஆய்வுக்குப் பிறகு கிடைக்கும் நிறைவுச் சான்றை, குடியேறுவதற்கு முன்பே பல இடங்களில் கேட்பார்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வாளர் பார்த்துவிட்டுப் போனார் என்பதால் விதிமீறல் சரியாகிவிடாது. அவர் சில மணி நேரம் நிற்பவர். அன்றாட மேற்பார்வை உங்கள் பொறியாளரின் கடமை. ஆய்வாளர் சொன்ன குறைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கம்பியின்மேல் அளவு நாடாவை வைத்துத் தேதியோடு படம் எடுத்து, வரைபடத்துடன் சேர்த்து வையுங்கள்.