கோடிங் 'முடித்த' பிள்ளைகள்

போன வாரம் காட்பாடியிலிருந்து ஓர் அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோடு என் கோடிங் வகுப்புக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்கு, வந்தார். கையில் ஒரு ஃபைல். ஸ்கிராட்ச், பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்று மூன்று கம்ப்யூட்டர் மொழிகளுக்கு மூன்று சான்றிதழ்கள். "எல்லாம் முடிச்சிட்டான் மிஸ், அடுத்து ஏஐ சொல்லிக் குடுங்க" என்றார்.

பைத்தானில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டிக் காட்டச் சொன்னேன். மளமளவென்று டைப் செய்தான். 5, 3 கொடுத்தான். திரையில் 53 வந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் மொத்தத்தையும் அழித்துவிட்டான். "ஒரு இடம் மறந்துட்டேன் மிஸ், மனப்பாடம் பண்ணிட்டு வரேன்" என்றான். கண்ணில் தண்ணீர்.

கீபோர்டில் வாங்குவதைப் பைத்தான் எழுத்தாகத்தான் பார்க்கும். அதை எண்ணாக மாற்றவில்லை, அதனால் கூட்டாமல் 5-ஐயும் 3-ஐயும் ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு வலித்தது அவன் அழித்ததுதான். ஏன் 53 வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வாழ்நாளுக்கும் மறந்திருக்காது.

பெற்றோரே, 'முடித்துவிட்டான்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் புரோகிராம் ஒப்பிக்கும் பிள்ளைக்கு மூன்று மொழி தெரியும் என்பது பொய். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் நின்றுவிடுகிறான். பத்து மொழி படித்தாலும் அங்கேதான் நிற்பான். ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்கத் தெரிந்தவனுக்கு இரண்டாவது மொழி சில வாரங்களில் வந்துவிடும். உடைக்கத் தெரியாதவனுக்கு முதல் மொழியே வரவில்லை என்றுதான் அர்த்தம்.

என் வகுப்பில் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. வேலூர் வெயில் தணிந்த பிறகு மொட்டை மாடி, சாக்பீஸ். ஒரு பிள்ளை ஆமை, மற்றவர்கள் கட்டளை சொல்வார்கள். 1967-இல் வந்த லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியில், சொன்னபடி நடந்து கோடு வரையும் பழைய ஆமைதான் இது, பைத்தானிலும் இருக்கிறது. சதுரம் சுலபம்: நட, 90 பாகை திரும்பு, நான்கு முறை. முக்கோணம் என்றதும் எல்லோரும் 60 என்று கத்துவார்கள். ஆமை நடக்கும், கோடு மூடாது. அறுகோணத்தில் பாதி தரையில் கிடக்கும். பத்து நிமிடம் சண்டை. பிறகு யாராவது ஆமையின் முதுகுப் பக்கம் போய் நின்று பார்த்து, "மிஸ், அவ திரும்பறது வெளிப்பக்கம், 120!" என்பார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். அதுவாக வர வேண்டும்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். நல்ல பாடம்தான். ஆசிரிய நண்பர்களே, பிராக்டிக்கலுக்காக ரெக்கார்டு நோட்டை அப்படியே உருப்போட வைக்காதீர்கள், தயவு செய்து. அதே புரோகிராமில் ஒரு வரியைத் தப்பாக எழுதிக் கொடுத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ரன் கொடுக்கும் முன் விடை என்ன வரும் என்று நோட்டில் எழுதட்டும். எரர் வந்தால் பதற வேண்டாம், பைத்தானில் அந்த எரர் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் கீபோர்டை நீங்கள் தொடாதீர்கள். முழு புரோகிராமையும் ஏஐயிடம் கேட்டு வாங்கி ஒட்டுவது வீட்டுப்பாடம் ஆகாது. வீட்டில் லேப்டாப் இல்லையே என்று கடன் வாங்காதீர்கள். ஆரம்பத்துக்கு நோட்டும் பென்சிலும் போதும். மாலையில், "இன்னிக்கு எது தப்பாச்சு, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தப் பையன் சனிக்கிழமை வந்தான். சான்றிதழ் ஃபைல் இல்லை. "53 எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன் மிஸ்" என்றபடியே உள்ளே நுழைந்தான்.